கடற்கரை வீட்டு மாடியில் சோலார்: மானியம் யாருக்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்: பழங்குடியினருக்குப் போல மீனவர் வீட்டுக்கும் அரசே சோலார் போட்டுத் தருமா? தராது. பழங்குடியினருக்கு அரசே சோலார் போட்டுத் தருவது மத்திய அரசின் பி.எம். ஜன்மன் திட்டத்தில். 2023 நவம்பரில் தொடங்கியது. கரண்ட் லைன் இழுக்க வழியில்லாத வீடுகளுக்கு, வீட்டுக்கு 50,000 ரூபாய் வரை அரசு செலவு செய்யும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என 6 பிரிவினருக்குத்தான் அது. கடலை நம்பி வாழும் மீனவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்டுக் காலம் போனதுதான் மிச்சம்.

சரி, பாம்பனிலோ தொண்டியிலோ இருப்பவருக்கு என்ன உண்டு? 2024இல் வந்த பி.எம். சூரிய கர் என்ற மத்திய அரசின் மாடி சோலார் திட்டம். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். வீடு சொந்தமாக இருக்கவேண்டும், கரண்ட் இணைப்பு வேண்டும், கூரை பேனலைத் தாங்கவேண்டும். ஓலை வீடு இங்கேயே அடிபட்டுப்போகிறது. கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை.

திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிந்து, அங்கீகாரம் பெற்றவரை வைத்தே மாட்டவேண்டும். பேனல் இந்தியாவில் செய்ததாக இருக்கவேண்டும். முழுப்பணத்தையும் முதலில் நாம் கட்டவேண்டும். நாம் எடுக்கும் கரண்டையும் லைனுக்குக் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டரை வைத்த பிறகே மானியம் வங்கிக் கணக்கில் ஏறும்.

கடன் வாங்குமுன் மின் கட்டண அட்டையைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். 200 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு பில் 300 ரூபாய்கூட வராது, அவசரமே இல்லை. 500ஐத் தாண்டினால் குறைந்த யூனிட்டுகளுக்கான சலுகை விலையும் போய்விடும். சோலாரால் லாபம் அந்த வீட்டுக்குத்தான். 1 கிலோவாட் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று: புயலில் கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். இருட்டில் விளக்கெரிய பேட்டரி வேண்டும், அதற்குத் தனி மானியம் கிடையாது.

அப்புறம், உப்புக்காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடி மேல் உப்புப் படியும். குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரில்தான் துடைத்தாகவேண்டும். சாதாரண இரும்பு ஸ்டாண்டு இங்கே சீக்கிரம் துருவேறிவிடும். அலுமினிய ஸ்டாண்டு, எவர்சில்வர் போல்ட் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.