சிட்-இன்: உள்ளிருப்பா, காத்திருப்பா?

அமெரிக்காவின் 1960களைப் பற்றி எதைப் புரட்டினாலும் 'சிட்-இன்' (sit-in) என்ற சொல் எதிர்ப்படும்: ஓர் இடத்துக்குள் போய் உட்கார்ந்து எழுந்திருக்க மறுக்கும் போராட்டம். மொழிபெயர்க்கும்போது கைக்கு முதலில் வருவது 'தர்ணா'. கொஞ்சம் யோசித்தால் 'மறியல்'. இரண்டுமே இடறுகின்றன. ஏன் என்று தெரிய, அந்தச் சொல் ஊரறியப் பரவிய இடத்துக்குப் போக வேண்டும்.

1960 பிப்ரவரி 1, வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரம். அங்கே உல்வொர்த் என்ற பெரிய சங்கிலிக் கடையின் கிளை ஒன்று இருந்தது. கடைக்குள்ளேயே ஒரு பக்கம் சிற்றுண்டிப் பகுதி: நீண்ட மேசை, அதன் முன்னால் வரிசையாகத் தரையில் பொருத்திய முதுகில்லாத நாற்காலிகள். கறுப்பின மக்கள் கடையில் சோப்பு வாங்கலாம், நோட்டு வாங்கலாம், காசைத் தாராளமாக வாங்கிக்கொள்வார்கள். அந்த நாற்காலியில் மட்டும் உட்காரக் கூடாது. அன்று மாலை எசல் பிளேர் ஜூனியர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு முதலாண்டுக் கல்லூரி மாணவர்கள் முதலில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கினார்கள். அப்புறம் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், அந்த வாரக் கடைசிக்குள் நூற்றுக்கணக்கில்.

முதலில் சாமான் வாங்கினார்களே, அதைக் கவனிக்க வேண்டும். இதே கூரையின் கீழ் ஒரு கல்லாவில் எங்கள் காசு செல்லும் என்றால் இன்னொன்றில் ஏன் செல்லாது என்று கேட்பதற்கான ஏற்பாடு அது.

தர்ணாவில் ஒருவர் உட்காருவது வேறொன்றுக்காக. சம்பளம், சாலை, குடிநீர் என்று கோரிக்கை தனியே இருக்கும், உட்காருவது அதற்கான வழி மட்டும். சிட்-இன்னில் அந்த நாற்காலியில் உட்காருவதுதான் கோரிக்கையே. மறியல் இன்னும் தூரம்: அது வாசலில் நின்று மற்றவர் உள்ளே போகாமல் தடுப்பது. இந்த மாணவர்களோ உள்ளே போய் மற்றவர்களைப் போலச் சாப்பிட்டுக் காசு கொடுக்க விரும்பியவர்கள். நாற்காலிகள் நிரம்பியதால் வியாபாரம் படுத்தது என்பதும் உண்மை. கடைக்காரர்களை அதுதான் அசைத்தது என்று நினைக்கிறேன்.

சொல்லின் வேர் தொழிற்சாலையில் இருக்கிறது. 1930களில் அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போகாமல் இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். இதற்கு 'சிட்-டவுன் ஸ்டிரைக்' என்று பெயர். வெளியே போனால் முதலாளி வேறு ஆளை வைத்து ஆலையை ஓட்டிவிடுவார், உள்ளேயே இருந்தால் முடியாது. 1936 டிசம்பர் 30 முதல் 1937 பிப்ரவரி 11 வரை மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் நடந்தது மிகப் பெயர்பெற்றது. இந்த வகைக்குத் தமிழில் 'உள்ளிருப்புப் போராட்டம்' அச்சில் வார்த்தது போலப் பொருந்தும்.

கிரீன்ஸ்பரோவுக்கு முன்பே இந்த வழி நிறவெறிக்கு எதிராகவும் வந்துவிட்டது. 1939இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நூலகத்தில் கறுப்பின இளைஞர்கள் சிலர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துப் படிக்க உட்கார்ந்து கைதானார்கள். 1958இல் கேன்சஸின் விச்சிட்டாவிலும் ஓக்லஹோமா சிட்டியிலும் மருந்துக் கடைகளின் சிற்றுண்டி மேசைகளில் உட்கார்ந்து வெற்றியும் பெற்றார்கள். நாடு திரும்பிப் பார்த்தது என்னவோ 1960இல்தான்.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. டென்னசியின் நாஷ்வில் நகரில் மாணவர்களுக்குப் பயிற்சி தந்த ஜேம்ஸ் லாசன், 1950களில் நாக்பூரில் கிறித்தவ ஊழியராக இருந்து காந்தியின் சத்தியாகிரக முறையைக் கற்றுப் போனவர். அவருடைய பயிற்சி வகுப்புகளில் ஒருவர் மாணவனைத் திட்டுவார், தள்ளுவார். அவன் பதிலுக்குக் கை ஓங்காமல் பழக வேண்டும். அடித்தால் திருப்பி அடிக்காதே, ஏசாதே, நிமிர்ந்து உட்கார், மேசையைப் பார்த்தே இரு என்று விதிகளை எழுதியே கொடுத்தார்கள். 1960 மே மாதத்தில் நாஷ்வில் கடைகள் இறங்கி வந்தன.

கிரீன்ஸ்பரோ கடை ஜூலை 25 அன்று பணிந்தது. அங்கே முதலில் பரிமாறப்பட்டவர்கள் போராடிய மாணவர்கள் அல்லர், அதே கடையில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள். ஓசைப்படாமல் முடித்துவிட நிர்வாகம் செய்த ஏற்பாடு. உணவகம், விடுதி, திரையரங்கு போன்ற இடங்களில் நிறப்பாகுபாட்டை நாடு முழுவதும் சட்டம் தடை செய்தது 1964இல்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'அமர்வுப் போராட்டம்' நேரான ஆக்கம்தான். ஆனால் அமர்வு என்றதும் கருத்தரங்க அமர்வும் நீதிமன்ற அமர்வும்தான் நினைவுக்கு வருகின்றன. என் கண்ணில் பட்ட நல்ல சொல் நம் செய்தித்தாள்களிலேயே கிடக்கிறது: 'காத்திருப்புப் போராட்டம்'. அங்கன்வாடி ஊழியர்களும் வருவாய்த் துறையினரும் அலுவலக வளாகத்தில் கோரிக்கை நிறைவேறும்வரை உட்காருவதற்கு வழங்கும் பெயர். காபி வரும்வரை காத்திருந்த அந்த நால்வருக்கு இது நன்றாகவே ஒட்டுகிறது. ஆனாலும் 'உள்ளே' என்ற அழுத்தம் அதில் இல்லை. விலக்கப்பட்ட இடத்துக்குள் போனதுதான் இங்கே முக்கியம். ஆகவே பொதுவாக 'உள்ளிருப்புப் போராட்டம்' என்றே எழுதலாம். கிரீன்ஸ்பரோ போன்ற இடங்களில் முதல் முறை வரும்போது 'இடம் மறுக்கப்பட்ட மேசையில் உட்கார்ந்து நடத்திய' என்று ஒரு அடைமொழி சேர்த்தால் போதும்.

தலைவலி தருவது வாலாக ஒட்டிய 'இன்'. சிட்-இன் புகழ்பெற்றதும் அது தனி ஒட்டாகிப் பெருகியது. வெள்ளையருக்கென ஒதுக்கிய கடற்கரையில் இறங்கினால் 'வேட்-இன்', தேவாலயத்தில் மண்டியிட்டால் 'நீல்-இன்'. 1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரைப் பற்றி இரவு முழுக்க விரிவுரை நடத்தியது 'டீச்-இன்'. 1969இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் ஆம்ஸ்டர்டாம் விடுதியில் அமைதி வேண்டிப் படுக்கையிலேயே இருந்தது 'பெட்-இன்'. இவை எல்லாவற்றுக்கும் ஒரே தமிழ் ஒட்டைத் தேடுவது வீண். டீச்-இன்னுக்குப் 'போர் எதிர்ப்புத் தொடர் விரிவுரை', வேட்-இன்னுக்குக் 'கடலில் இறங்கும் போராட்டம்' என்று அந்தந்த இடத்துக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம். பெட்-இன்னை அப்படியே விட்டு ஒரு வரி விளக்கம் கொடுப்பது மேல்.