யூரோஸ்பை: ஒற்றனா, உளவாளியா, சி.ஐ.டி.யா?

‘யூரோ’ என்றால் இன்று நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பணம்தான். அதனால் ‘யூரோஸ்பை’ என்ற சொல்லை முதன்முறை பார்க்கிறவர், கள்ளநோட்டுக் கும்பலைத் துரத்தும் அதிகாரியோ என்று நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. அந்த நாணயம் 1999-இல்தான் வந்தது. இந்தச் சொல் சுட்டும் சங்கதியோ அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே ஓடி ஓய்ந்துவிட்டது.

யூரோஸ்பை என்பது ஆளின் பெயரல்ல, ஒரு படவகையின் பெயர். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் வசூலை அள்ளுவதைப் பார்த்த இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், மேற்கு ஜெர்மனித் தயாரிப்பாளர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்டார் கூட்டுச் சேர்ந்து, சிக்கனமாக எடுத்துத் தள்ளிய உளவுப் படங்களுக்கு இந்தப் பெயர். ‘டாக்டர் நோ’ 1962 அக்டோபரில் லண்டனில் வெளியானது. 1964-இல் ‘கோல்ட்ஃபிங்கர்’ வந்ததும் காய்ச்சல் ஏறியது. 1965 முதல் 1967 வரைதான் அறுவடைக் காலம்.

எதெல்லாம் இதில் சேராது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். பாண்ட் படங்களே சேராது. அவை பிரிட்டனில் பெருஞ்செலவில் எடுத்த அசல் சரக்கு. பெர்லின் சுவரோரம் மழைக்கோட்டும் மனச்சோர்வுமாக ஒற்றர்கள் நடமாடும் கனமான பனிப்போர்ப் படங்களும் சேராது. யூரோஸ்பை நாயகனுக்கு மனச்சோர்வெல்லாம் கிடையாது. அவனுக்கு விமான டிக்கெட் இருக்கும், நல்ல கோட்டு இருக்கும், ஒரு எண் இருக்கும்.

சரி, சொல்லைப் பிரிப்போம். பின்பாதியான ‘ஸ்பை’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அது ஜெர்மானியக் குடும்பத்து பிராங்கிய மொழியிலிருந்து போனது. அடிப்படைப் பொருள் ‘பார்ப்பது’. இதே வேரிலிருந்து வந்த உறவினர்கள் நிறைய. லத்தீனில் பார்த்தலைக் குறிக்கும் ‘ஸ்பெக்கெரே’ இந்தக் குடும்பம்தான். அதன் வழியாக வந்த ‘இன்ஸ்பெக்டர்’ ஒருவகையில் ஸ்பைக்குப் பங்காளி. வடமொழியில் ஒற்றனைக் குறிக்கும் ‘ஸ்பச்’ என்ற சொல்லும் இதே கிளை. ரிக் வேதத்தில் வருணனைச் சூழ்ந்து உட்கார்ந்திருக்கும் ஒற்றர்களுக்கு அந்தப் பெயர்தான். ஆக, காவல் நிலையத்து இன்ஸ்பெக்டரும் வருணனின் ஆட்களும் 007-உம் ஒரே சொல்லின் பேரப்பிள்ளைகள்.

முன்பாதியில் சிக்கல் இல்லை, அது ஐரோப்பா. ஆனால் அதை ஒட்டவைத்தவர்கள் படம் எடுத்தவர்கள் அல்லர். 1966-இல் ரோம் நகரத்து ஸ்டுடியோ ஒன்றுக்குப் போய் ‘நீங்கள் யூரோஸ்பை எடுக்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. பழைய படங்களைத் தேடித் திரிந்த பிற்கால ரசிகர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. மேட் பிளேக், டேவிட் டீல் என்ற இருவர் 2004-இல் இந்தப் படங்களுக்கென்றே ஒரு கையேடு போட்டார்கள். அதன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருந்தது.

அப்போது இத்தாலியர்கள் புழங்கிய சொல் வேறு: ‘ஃபிலோனே’. ஆற்றின் நடுநீரோட்டம், சுரங்கத்துப் பாறைக்குள் நீளும் தாதுக்கோடு, நீளமான ஒருவகை ரொட்டி, மூன்றுக்கும் அந்த ஒரே சொல். சினிமாவில் அதற்கு இப்படிப் பொருள்: ஒரு படம் ஓடினால் அதே கோட்டில் தோண்டு, தாது தீரும்வரை தோண்டு, தீர்ந்ததும் பக்கத்துக் கோட்டுக்குப் போ. 1950களின் கடைசியில் ஹெர்குலிஸ் படங்கள் அப்படி ஒரு கோடு. அது வற்றும் நேரத்தில் உளவுக் கோடு கிடைத்தது. கூடவே கௌபாய்க் கோடும் கிடைத்தது. இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு தூண்களைப் பெயர்த்த அதே கட்டுமஸ்தான நடிகர்கள் கோட்டுப் போட்டு உளவாளி ஆனார்கள். பிராட் ஹாரிஸ், ரிச்சர்ட் ஹாரிசன், கென் கிளார்க் எல்லாம் இப்படி உடை மாற்றியவர்கள்தாம். என்னைக் கேட்டால் யூரோஸ்பையைவிட ஃபிலோனே உண்மையான சொல். முன்னது பிற்பாடு ஒட்டிய சீட்டு, பின்னது தொழில் நடந்த விதம்.

அந்தத் தொழிலில் பெயர் மாற்றம் ஒரு பெரிய வேலை. அமெரிக்கப் படம் போலத் தெரிந்தால்தான் விற்கும் என்று லூச்சானோ ஸ்டெல்லா ‘டோனி கெண்டல்’ ஆனார். ஜார்ஜோ அர்திசோன் ‘ஜார்ஜ்’ ஆனார். இயக்குநர்களும் தப்பவில்லை: செர்ஜோ கிரியேகோ ‘டெரன்ஸ் ஹாத்வே’, செர்ஜோ சொல்லீமா ‘சைமன் ஸ்டெர்லிங்’. நாயகனுக்குக் கொடுத்த எண்கள் இன்னும் வேடிக்கை. 077 வந்தது, 3எஸ்3 வந்தது, உம்பெர்த்தோ லென்சி 1965-இல் ஏ008 என்றே ஒரு படம் எடுத்தார். எண் என்றால் உளவாளி என்று ரசிகன் பழகிவிட்டான். சுவரொட்டியில் ஒரு பூச்சியமும் ஒரு ஏழும் எந்த வரிசையிலாவது தெரிந்தால் போதும்.

எண் தீர்ந்தபோது தம்பியைப் பிடித்தார்கள். பாண்டாக நடித்த ஷான் கானரியின் தம்பி நீல் கானரி, எடின்பரோவில் சுவர் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவரைக் கதாநாயகனாக்கி 1967-இல் அல்பெர்த்தோ தெ மார்த்தினோ ‘ஓ.கே. கானரி’ என்று ஒரு படம் எடுத்தார். அசல் பாண்ட் படங்களில் பாண்டின் மேலதிகாரி ‘எம்’ ஆக வந்த பெர்னார்ட் லீ, மிஸ் மணிபென்னியாக வந்த லோயிஸ் மேக்ஸ்வெல், ‘தண்டர்பால்’ வில்லன் அடோல்ஃபோ செலி, ‘ஃபிரம் ரஷ்யா வித் லவ்’ நாயகி தனியேலா பியாங்கி எல்லாரையும் கூட்டி வந்தார்கள். இசைக்கு என்னியோ மோரிக்கோனேயும் புரூனோ நிக்கோலாயும். பாண்ட் மட்டும் பாக்கி. இந்தத் துணிச்சலுக்காகவே படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

இவ்வளவு சொன்னதும் யூரோஸ்பை என்றால் பாண்ட் நகல் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அங்கேதான் ஓ.எஸ்.எஸ். 117 குறுக்கே வருகிறார். ஜான் ப்ரூஸ் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இந்த உளவாளியைப் படைத்தது 1949-இல். இயான் ஃபிளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் வந்தது 1953-இல். ஓ.எஸ்.எஸ். என்பது இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க உளவு அமைப்பின் சுருக்கப்பெயர். முன்னே மூன்றெழுத்து, பின்னே மூன்றிலக்கம். முதல் ஓ.எஸ்.எஸ். 117 படம்கூட 1957-இலேயே வந்துவிட்டது, டாக்டர் நோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. ஆனால் அது ஊரைக் கலக்கவில்லை. 1963-இல் ஆந்த்ரே யூனெபெல் அதே நாயகனை மறுபடி இறக்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் பாங்காக்குக்கும் பிரேசிலின் பாஹியாவுக்கும் அனுப்பியபோதுதான் கூட்டம் வந்தது. அண்ணன், தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பிரபலமானார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே நகல் என்ற சொல் பாதி உண்மைதான். கதைக்கு வேர் உள்ளூரில் இருந்தது, பாண்ட் பாய்ச்சியது தண்ணீர்.

இனி தமிழுக்கு வருவோம். ‘ஸ்பை’க்கு நம்மிடம் பஞ்சமே இல்லை: ஒற்றன், வேவுகாரன், உளவாளி.

இவற்றில் ஒற்றும் வேயும் மிகப் பழையவை. தொல்காப்பியத்துப் புறத்திணையியலில் ஆநிரை கவரப் போகும் மறவரைச் சொல்லும் இடத்தில் ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ என்று ஒரே அடியில் இரண்டும் வருகின்றன. ஒற்றர் அறிந்துவந்த செய்தி வேய். அதன் வழிவந்ததாகவே நம் ‘வேவு பார்த்தல்’ என் காதில் ஒலிக்கிறது. ஒற்று என்ற சொல்லுக்கு மெல்லத் தொடுதல், அழுத்துதல், ஒட்டுதல் என்றும் பொருள் உண்டு. கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், வீங்கிய இடத்தில் ஒத்தடம் கொடுக்கிறோம். புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் ஒற்று என்றுதான் பெயர். ஐரோப்பியச் சொல் பார்ப்பவனைக் காட்டுகிறது, தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பவனைக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றும். உளவுத் தொழிலுக்கு எது பொருத்தம் என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் ‘ஐரோப்பிய ஒற்றர் படம்’ என்று வைத்துவிடலாமா? வைக்கலாம், வள்ளுவர் சம்மதித்தால். ஒற்றாடல் அதிகாரத்தில் அவர் கேட்கும் ஆள் இப்படி:

‘கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும்
உகாஅமை வல்லதே ஒற்று.’

பார்த்தவர் சந்தேகப்பட்டு விசாரிக்காத தோற்றம் வேண்டும். முறைத்துப் பார்த்தாலும் அஞ்சக்கூடாது. மனதில் உள்ளதை எங்கேயும் கக்கிவிடக்கூடாது. நம் யூரோஸ்பை நாயகனோ இஸ்தான்புல் ஹோட்டலுக்குள் நுழைந்ததும் மொத்தக் கூடமும் திரும்பிப் பார்க்கும். அடுத்த பத்தாவது நிமிடம் முன்பின் தெரியாத பெண்ணிடம் வந்த வேலையைச் சொல்லியிருப்பான். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் கறார்: ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைவை நீயே வெளியே போட்டவன் ஆவாய். இங்கே ஒற்றனின் எண்ணையே சுவரொட்டியில் ஆளுயரத்துக்கு அச்சடித்தார்கள். ஒற்றர் என்ற சொல்லுக்குள் அடக்கம் இருக்கிறது, கூர்மை இருக்கிறது. அதை இந்தக் கூத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

‘உளவு’ இந்த விஷயத்தில் நெகிழ்வானது. உள் என்ற வேரோடு இணைத்துப் பார்க்கத் தோன்றும் சொல். உளவுத்துறை, உளவு பார்த்தல் என்று நாளிதழில் தினமும் புழங்குகிறது. தொழிலாளி, கூட்டாளி போல உளவாளி என்று ஆளாகவும் நிற்கும், உளவுப்படம் என்று இன்னொரு சொல்லோடும் இடறாமல் சேரும். ‘ஒற்றுப்படம்’ என்று சொன்னால் பாதிப் பேர் இலக்கண வகுப்பு என்று ஓடிவிடுவார்கள்.

அப்புறம், நம் ஊரில் இந்த வகைக்குப் புழங்கிய சொல் ஒன்றை விட்டுவிடக்கூடாது: சி.ஐ.டி. படம். குற்றப் புலனாய்வுத் துறை என்பது போலீஸ் பிரிவு. உளவுக்கும் அதற்கும் கறாராகப் பார்த்தால் சம்பந்தம் குறைவு. ஆனாலும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, துப்பாக்கி, மாறுவேடம் எல்லாம் சேர்ந்தால் நமக்கு அது சி.ஐ.டி.தான். ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்று பெயர் வாங்கிய ஜெய்சங்கரை வைத்து சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1970-இல் எடுத்த படத்துக்குப் பெயரே ‘சி.ஐ.டி. சங்கர்’. அதே நிறுவனம் 1966-இல் அவரை வைத்து எடுத்த ‘வல்லவன் ஒருவன்’, மேலே சொன்ன ஓ.எஸ்.எஸ். 117-இன் பாங்காக் படத்தைத் தழுவியது என்று பழைய பட ஆர்வலர்கள் சொல்வதுண்டு.

போலீசையும் உளவாளியையும் நாம் மட்டும் குழப்பிக்கொள்ளவில்லை. மலிவுவிலைக் கதைத்தொடர் ஒன்றிலிருந்து ஜெர்மானியர்கள் 1966 முதல் 1971 வரை எடுத்த ஏழு படங்களின் பொதுப்பெயர் ‘கமிசார் எக்ஸ்’. கமிசார் என்பது அங்கே போலீஸ் பதவி. ஆனால் கதாநாயகன் ஜோ வாக்கர் போலீசே இல்லை, நியூயார்க்கின் தனியார் துப்பறிவாளர். கூடவே வரும் டாம் ரோலண்ட்தான் போலீஸ் கேப்டன். இரண்டு பேரில் ஒருவர்கூட உளவாளி இல்லை! இருந்தும் யூரோஸ்பை பட்டியல் எதிலும் இந்தப் படங்கள் விடுபடுவதில்லை. இவற்றில் ஒன்றை 1966-இல் அன்றைய சிலோனுக்கே வந்து எடுத்தார்கள். டோனி கெண்டலும் பிராட் ஹாரிசும் நம் பக்கத்து வெயிலில் அடிதடி போட்டதை அதில் பார்க்கலாம்.

உளவாளியே இல்லாத படமும் யூரோஸ்பை ஆகிறதென்றால், இந்தச் சொல்லின் எடை ‘ஸ்பை’ மேல் இல்லை, எடுத்த விதத்தின் மேல் இருக்கிறது என்றுதானே பொருள்? வெளியூர்க் காட்சி, சண்டை, கவர்ச்சி, ஒரு விசித்திர வில்லன், காதில் நிற்கும் இசை, இத்தனையையும் அளவு பார்க்காமல் அள்ளிப் போட்டு எடுத்த படத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. மசாலா படம்.

எனவே என் பரிந்துரை இரண்டு. அகராதியிலோ கட்டுரையிலோ நடுநிலையாக எழுத வேண்டுமானால் ‘ஐரோப்பிய உளவுப்படம்’. ஆனால் அது தனியே நின்றால் பெர்லின் சுவரோரத்துப் படங்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் முதல் தடவை ‘அறுபதுகளின்’ என்று சேர்த்து, பாண்ட் பாணி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். யூரோஸ்பை என்ற சொல் காதுக்குத் தரும் விளையாட்டுத் தொனியும் வேண்டுமென்றால் ‘ஐரோப்பிய உளவு மசாலா’. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ‘யூரோ ஒற்றன்’ என்ற அரைகுறைப் பெயர்ப்பு மட்டும் வேண்டாம், பணக் குழப்பமும் ஆள் குழப்பமும் சேர்ந்தே வரும்.

புழங்கும்போது ஒரு எச்சரிக்கை. 2006-இல் மிஷேல் அஸானவீசியுஸ் இயக்கி, ஜான் துஜார்தான் நடித்த ஓ.எஸ்.எஸ். 117 படத்தையும் அதே இருவரின் 2009 படத்தையும் சிலர் இந்த வகையில் சேர்த்துவிடுகிறார்கள். நாயகன் பெயர் அதேதான், கோட்டும் அதேதான். ஆனால் அவை அந்தக் காலப் படங்களின் கேமரா அசைவு முதல் ஆணவம் வரை எல்லாவற்றையும் பகடி செய்ய எடுத்தவை. அவற்றை ‘உளவு மசாலாப் பகடி’ என்று எழுதினால் சரியாக இருக்கும்.