மாக்மா – பாறைக்குழம்பு: சொல் விளக்கம்

நிலத்துக்கு அடியில் பாறை உருகி உண்டாகும் குழம்புதான் மாக்மா. தமிழில் இதைப் பாறைக்குழம்பு என்கிறோம். கற்குழம்பு என்று எழுதுவோரும் உண்டு. இரண்டுமே நல்ல சொற்கள். அதே குழம்பு எரிமலையின் வாய் வழியாகவோ பக்கவாட்டுப் பிளவு வழியாகவோ வெளியே வந்துவிட்டால் லாவா ஆகிவிடுகிறது, அதாவது எரிமலைக்குழம்பு. செய்திகளில் இந்த இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. “மாக்மா வழிந்தோடிக் கடலில் கலந்தது” என்று எழுதியிருந்தால் அங்கே லாவா என்று படித்துக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது பெயரோடு பொருளும் மாறுகிறது. ஆழத்தில் அழுத்தத்தால் கரைந்து கிடந்த நீராவி, கரியமில வாயு, கந்தக வாயு எல்லாம் மேலே வர வர பிரிந்துவிடும். அவை பெரும்பாலும் போனபின் எஞ்சுவதுதான் லாவா.

மாக்மா கிரேக்கத்திலிருந்து வந்த சொல். பிசைதல், குழைத்தல் என்று பொருள்படும் வினைச்சொல்லில் பிறந்தது. பழைய கிரேக்கர்களுக்கு அது உடம்பில் பூசும் கெட்டியான தைலப் பூச்சு. லத்தீனில் தைலம் வடித்தபின் அடியில் தங்கும் மண்டிக்கும் அந்தப் பெயர் போனது. அப்புறம் ஐரோப்பிய மருந்துக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு, நீரில் கரையாமல் கூழாக நிற்கும் மருந்துகளுக்கு வைத்தார்கள். வயிற்றுப் புளிப்புக்குக் குடிக்கும் வெள்ளை மெக்னீசியா மருந்துக்கு ‘மெக்னீசியா மாக்மா’ என்று மருந்து நூல்களில் ஒரு பெயர் உண்டு. புவியியலாளர்கள் இந்தச் சொல்லை உருகிய பாறைக்கு வைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். லாவா இத்தாலியச் சொல். நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில் மழைவெள்ளம் புரண்டோடுவதற்கு வழங்கிய சொல்லை, பக்கத்தில் இருக்கும் வெசூவியஸ் மலையிலிருந்து இறங்கும் குழம்புக்கும் அந்த ஊர் மக்கள் வைத்துவிட்டார்கள்.

தமிழில் குழம்பு என்றால் இன்று முதலில் சோற்றில் ஊற்றுவதுதான் நினைவுக்கு வரும். அதனாலேயே பாறைக்குழம்பு என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடு பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் தேவையில்லை. மார்பில் பூசியது சந்தனக் குழம்பு, பெண்கள் பாதத்தில் தீட்டியது செம்பஞ்சுக் குழம்பு. சித்த மருத்துவத்தில் அகத்தியர் குழம்பு என்று ஒரு மருந்தே இருக்கிறது. பூச்சு, மருந்து, கூழ் என்று கிரேக்கச் சொல் எந்த வழியில் நடந்ததோ, அதே பொருள்களைத் தமிழ்ச் சொல்லும் தன் பாட்டில் சுமந்து வந்திருக்கிறது. சந்தனத்தைக் குழைக்கிறோம், மருந்தைக் குழைக்கிறோம். கிரேக்க வினைக்கும் அதுதான் பொருள். இரண்டுக்கும் உறவு ஏதும் கிடையாது. ஆனாலும் மொழிபெயர்ப்பில் இவ்வளவு நெருக்கம் அமைவது அரிது.

அறிவியலின்படியும் இது பொருத்தமான சொல்தான். மாக்மா வெறும் திரவம் இல்லை. உருகிய பகுதி, அதில் மிதக்கும் படிகங்கள், கரைந்தோ குமிழியாகவோ இருக்கும் வாயு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் மாக்மா. வீட்டுக் குழம்பில் சாறும் காயும் கலந்து கிடப்பது போலத்தான். ‘பாறைத் திரவம்’ என்று சொன்னால் படிகங்கள் விட்டுப்போகும்.

இதை விளக்க எனக்கு மிகவும் பிடித்த இடம் ரீயூனியன் தீவு. மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர் தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுப் பகுதி. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை அங்கே ‘மலபார்’ என்று அழைக்கிறார்கள். தீவு முழுக்க எரிமலைப் பாறையால் ஆனது. நாம் பார்ப்பது கடலடியிலிருந்து எழும்பிய பெரிய மலையின் மேல்பகுதியை மட்டும்தான். 3,070 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் தெ நேஜ் இப்போது அடங்கிக் கிடக்கிறது. தென்கிழக்கில் இருக்கும் 2,632 மீட்டர் உயர பிட்டோன் தெ லா ஃபுர்னேஸ், உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று.

அந்தத் தீவுக்கு அடியில் குழம்பு எப்படி உண்டாகிறது? பூமியின் மேலோட்டுக்குக் கீழே எல்லாம் உருகிக் கொதிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் திடப்பாறைதான். மிகச் சூடாக இருந்தாலும், மேலிருந்து அழுத்தும் பாரம் அதை உருக விடுவதில்லை. ரீயூனியனுக்கு அடியில் அந்தக் கவசப் பாறை சுற்றுப்புறத்தைவிடக் கூடுதல் சூட்டோடு, திடமாகவே, மிக மெதுவாக மேலே ஊர்ந்து வருகிறது. இப்படிப்பட்ட இடத்தை வெப்பப் புள்ளி என்கிறார்கள். மேலே வர வர அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பாறை உருகத் தேவையான வெப்பமும் குறையும். ஆகவே புதிதாகச் சூடேறாமலேயே பாறை உருகத் தொடங்குகிறது. அதுவும் முழுவதுமாக இல்லை. சிறு பங்கு மட்டும் உருகி, பாறை மணிகளுக்கு இடையில் கசிவாக நிற்கிறது. சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது என்பதால் அந்தக் கசிவு மேலே ஏறி ஒன்றுசேர்கிறது. பாறைக்குழம்பு பிறப்பது இங்கேதான், எரிமலை வாயிலிருந்து பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில்.

இதே வெப்பப் புள்ளிதான் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணப் பீடபூமியின் கரும்பாறை அடுக்குகளைக் கொட்டியது என்பது புவியியலாளர்கள் பெரும்பாலோரின் கருத்து. இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமக்கும் பாறைத் தட்டு, வடக்கே நகர, அந்தப் புள்ளியின் தடம் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மேடுகள், மொரீஷியஸ் என்று பதிந்து, இன்று ரீயூனியனில் வந்து நிற்கிறது.

மேலே ஏறும் குழம்பு ஒரே மூச்சில் வாய்க்கு வந்துவிடாது. மேலோட்டின் அடித்தட்டில் தங்கும், பிறகு மலைக்குள் ஆழம் குறைந்த இடத்தில் தங்கும். ஃபுர்னேஸ் மலையில் உச்சியிலிருந்து இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் கீழே, கிட்டத்தட்ட கடல்மட்ட உயரத்தில் ஒரு தேக்கம் இருப்பதாக நில அதிர்வுகள் காட்டுகின்றன. தங்கும் இடங்களில் குழம்பு ஆறுகிறது. முதலில் பிரிவது பச்சை நிற ஒலிவின் படிகம். அது கனமானது, அடியில் படியும். மீதிக் குழம்பின் சேர்க்கை அப்போதே மாறிவிடுகிறது. ஒரே மூலத்திலிருந்து வந்த குழம்பு, தங்கிய காலத்தைப் பொறுத்து வெவ்வேறு பாறைகளாக உறைவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

1992க்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த மலை வாய் திறக்கவில்லை. 1998 மார்ச்சில் கடல்மட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர் அளவு கீழே சிறு அதிர்வுகள் தொடங்கின. அதிர்வு மையம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. சுமார் ஒன்றரை நாளில் நிலம் பிளந்து குழம்பு வெளியே பாய்ந்தது. பாறையை உடைத்துக்கொண்டு குழம்பு ஏறும் வழியைக் கருவிகள் வரிசையாகப் பின்தொடர்ந்த அருமையான நிகழ்வு அது. அங்கே ஆய்வு நிலையம் அமைந்ததற்குக் காரணம் 1977 ஏப்ரல் மாத வெடிப்பு. வழக்கமாக ஆளில்லாத பள்ளத்துக்குள் அடங்கிவிடும் லாவா அந்த முறை பிட்டோன் சேன்ட் ரோஸ் ஊருக்குள் இறங்கி, வீடுகளை அழித்து, மாதா கோயிலைச் சூழ்ந்து வாசலில் நின்றது. அந்தக் கோயிலுக்கு இன்று ‘லாவா மாதா’ என்று பெயர்.

2007 ஏப்ரலில் இன்னொரு பாடம் கிடைத்தது. உச்சிக்குக் கீழிருந்த தேக்கம் பக்கவாட்டில் வேகமாக வடிந்தது. தாங்க ஒன்றும் இல்லாமல் டோலோமியூ என்ற உச்சிப் பள்ளம் சில நாட்களில் 300 மீட்டருக்கு மேல் உள்ளே அமிழ்ந்தது. கடலை எட்டிய லாவா தீவுக்குப் புது நிலத்தைச் சேர்த்தது. அந்த லாவாவின் பெரும்பகுதியில் ஒலிவின் படிகங்கள் மலிந்திருந்தன. அடியில் படிந்து கிடந்த படிகக் கூழும் சேர்ந்து வெளியே வந்திருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால், பாடநூல்களில் வரும் ‘மாக்மா அறை’ என்ற தொடர் எனக்கு உவப்பாக இல்லை. அறை என்றதும் நான்கு சுவர், நடுவில் தளும்பும் குழம்பு என்று படம் வந்துவிடுகிறது. உண்மையில் அங்கே பெரும்பகுதி படிகம் நெருங்கிய கூழ், ஆங்காங்கே திரவம் மிகுந்த பைகள், பிளவுகளில் இறுகிய பழைய குழம்பு. பாறைக்குழம்புத் தேக்கம் என்பதே பொருந்தும். தேங்குவதும் வடிவதும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன.

தீக்குழம்பு, நெருப்புக்குழம்பு, அக்கினிக்குழம்பு என்று நாளிதழ்கள் எழுதுவதை அறிவியல் கட்டுரையில் தவிர்ப்பது நல்லது. குழம்பு ஒளிர்வது 1,100 முதல் 1,200 பாகை செல்சியஸ் வரையுள்ள சூட்டால். அங்கே எதுவும் எரிவதில்லை. எரிமலை, தீப்பாறை என்ற சொற்களிலும் இதே சிக்கல் உண்டுதான், ஆனால் அவை ஊன்றிவிட்டன. மாற்றப் போனால் படிப்பவருக்குத்தான் கஷ்டம்.

எல்லாத் தீவிலும் பாறைக்குழம்பு ரீயூனியனில் போலவே பிறப்பதில்லை. அந்தமானில் இருக்கும் பாரன் தீவு இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்து 1991இல் மறுபடி வெடித்தது. அங்கே இந்தியத் தட்டு பர்மா தட்டுக்குக் கீழே அமிழ்கிறது. அமிழும் தட்டு ஆழத்தில் நீரை வெளியிடுகிறது, அந்த நீர் மேலுள்ள கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. ரீயூனியனில் அழுத்தம் விலகுவது செய்யும் வேலையை இங்கே முக்கியமாக நீர் செய்கிறது. உண்டாகும் குழம்பிலும் நீர் அதிகம். அது மேலே வரும்போது ஆவியாகி விரிவதால் இப்படிப்பட்ட தீவுகளில் வெடிப்பும் சாம்பலும் கூடுதல்.