களிமண் உறுமல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் பார்த்தோம். ஆப்பிரிக்காவில் பணம் கட்டிச் சுட்ட ஒரு சிங்கம், உரித்த தோலாக உப்பில் கிடந்து, பதனிடப்பட்டு, கடைசியில் யாரோ ஒருவரின் வரவேற்பறையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது வரை விடாமல் காட்டினார்கள்.

கொழுந்தனார் தோல் உரிக்கும் இடத்திலேயே எழுந்து வெளியே போய்விட்டார். என் கணவர், செத்த சிங்கத்தின் பக்கத்தில் துப்பாக்கியோடு சிரித்த மனிதரைக் கடைசி வரை திட்டிக்கொண்டே பார்த்தார். எனக்கு அந்தக் கைவினைஞர் கண் இமையை ஊசியால் நகர்த்தி வைத்த பொறுமை பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று சங்கடமாகவும் இருந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் மட்டும் சரியான கேள்வியைக் கேட்டாள்: “அதுக்குள்ள என்னம்மா இருக்கு?”

“வைக்கோல்தான். நாங்க செய்யாததா?” என்றார் அத்தை.

அத்தை பிறந்தது ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். அங்கே கறவை மாட்டின் கன்று செத்துப்போனால் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்களாம். மாடு அதை நக்கும், மடி இறங்கும், அப்புறம் கறப்பார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருந்த வழக்கம் இது. மனசுக்குக் கஷ்டமான காட்சிதான், ஆனால் இதில் நல்ல அறிவியல் இருக்கிறது. பால் மடிக்குள் சின்னச் சின்ன அறைகளில் தங்கியிருக்கும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விட்டால்தான் அந்த அறைகளைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்கிப் பாலைக் காம்புப் பக்கம் தள்ளும். நாட்டு மாடுகள் பலவற்றுக்குக் கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அது சுரக்கவே சுரக்காது. கன்று பிறந்த முதல் சில மணி நேரத்தில் தாய் அதை நக்கி நக்கி மணத்தால் அடையாளம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கண் இல்லாத, கால் கோணிய வைக்கோல் பொம்மையை அது ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் அந்தத் தோலில் ஒட்டியிருக்கும் மணம்தான்.

நாம் அப்படி இல்லை. மணத்தைப் பற்றி நமக்குக் கவலை கிடையாது, முகத்தைத்தான் பார்க்கிறோம். பாடம் செய்யும் கலை, அதாவது செத்த விலங்கின் தோலை உயிரோடு இருப்பதுபோல நிறுத்தி வைக்கும் வேலை, முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் நிற்கிறது. மாட்டுக்காகச் செய்தால் தோல் போதும். மனிதனுக்காகச் செய்தால் முகம் வேண்டும். அந்த முகம்தான் விலங்கிடமிருந்து வருவதே இல்லை.

முதலில் தோலைச் சொல்லிவிடுகிறேன். விலங்கு செத்த உடனே பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கிவிடும். அவை முடியின் வேர்க்காலைத் தின்றால் தோல் நன்றாக இருப்பதுபோல் தெரியும், கை வைத்தால் முடி கற்றையாகக் கையோடு வரும். நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்குச் சில மணி நேரமே போதும். அதனால் உடனே உரிப்பார்கள். காதுக்குள் இருக்கும் குருத்தெலும்பை எடுக்க, காதை உறைபோல உட்புறம் வெளியே வரும்படி திருப்புவார்கள். உதட்டை இரண்டாகப் பிளந்து உள்ளிருக்கும் சதையைச் சுரண்டுவார்கள். பிறகு உப்பு, அதுவும் கை நிறைய. கருவாட்டிலும் ஊறுகாயிலும் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது: உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது, தண்ணீர் இல்லாத இடத்தில் பாக்டீரியாவால் பெருக முடியாது.

ஆனால் உப்புப் போட்ட தோல் தோல்தான். நனைந்தால் மறுபடி அழுகும். அதை அழுகாத பொருளாக மாற்றுவதுதான் பதனிடுதல். தோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருக்கும். பதனிடும் பொருள் இந்தக் கயிறுகளுக்கு நடுவே புகுந்து ஒன்றோடொன்று கட்டிப் போடுகிறது. கட்டப்பட்ட இழையை பாக்டீரியாவின் நொதிகளால் வெட்ட முடிவதில்லை. சேலத்தில் சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஆவாரை, அதன் பட்டையில் இருக்கும் டேனின் இந்த வேலையை அருமையாகச் செய்யும். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மருந்துக்கு வாங்கும் கடுக்காயிலும் அது உண்டு. தென்னிந்தியத் தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக வெளிநாடு போனது ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பித்தான். முடியோடு இருக்கிற தோலுக்கு மட்டும் அது ஆகாது, முடியில் கறை ஏறிவிடும். அதனால் பழைய புலித்தோல்களுக்குப் படிகாரத்தை அதிகம் பயன்படுத்தினார்கள்.

சரி, உள்ளே என்ன? வைக்கோல் திணித்தது பழைய முறை. திணித்த புலி மூட்டைபோல உப்பிவிடும். சிற்பிபோல உடலை முதலில் செதுக்கி, அதன்மேல் தோலைப் போர்த்த வேண்டும் என்ற எண்ணத்தை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கார்ல் அக்லே. 1890-இல் மில்வாக்கியில் அவர் நீர் எலி வகை ஒன்றை அதன் வளை, செடி, தண்ணீரோடு சேர்த்து அமைத்தார். இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும் காட்டுக் காட்சிகள் அந்த வழியில் வந்தவை. இப்போது உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை, அதாவது மெத்தைப் பஞ்சின் கடினமான உறவுக்காரன்.

நம் பக்கத்து மைசூரில் வேறு பொருள். அங்கே 1900 வாக்கில் தொடங்கி 1999 வரை வான் இங்கன் குடும்பத்தின் தொழிற்கூடம் நடந்தது. உலகத்தின் மிகப் பெரிய பாடம் செய்யும் கூடங்களில் ஒன்று. அச்சுகளில் காகிதக் கூழை வார்த்து உடல் செய்தார்கள். நவராத்திரிக் கொலுவில் கை பட்டாலும் உடையாத, எடையில்லாத காகிதக் கூழ் பொம்மை இருக்குமே, அதே சங்கதிதான். ராஜாக்கள், வெள்ளைக்கார அதிகாரிகள், தோட்ட முதலாளிகள் என்று நாடெங்கும் இருந்து தோல்கள் உப்புப் போட்டு அங்கே வந்தன. அந்த ஒரு கூடத்தில் மட்டும் பாடம் செய்யப்பட்ட புலி, சிறுத்தைகள் 40,000-க்கும் மேல். 1972-இல் இந்தியா முழுவதும் எண்ணியபோது கிடைத்த புலிகள் 1,827. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது முகத்துக்கு வருவோம். கண் கண்ணாடி. நாக்கும் ஈறும் மெழுகு அல்லது வார்ப்பு. மூக்கின் ஈரம் வார்னிஷ். காதுக்குள் குருத்தெலும்புக்குப் பதில் அட்டையோ தகடோ. பல் சில சமயம் உண்மை, சில சமயம் அதுவும் வார்ப்பு. மூக்குச் சுருக்கம், உதட்டு மடிப்பு எல்லாம் தோலுக்கு அடியில் விரலால் அழுத்தி வைத்த களிமண். முகத்தை அசைத்த தசை ஒன்றுகூட மிச்சமில்லை. ஆக, உங்களைப் பார்த்து அந்தப் புலி உறுமவில்லை. ஒருவர் அதை உறுமவைத்திருக்கிறார்.

ஏன் உறுமவைக்க வேண்டும்? பூனைக் குடும்பத்து விலங்கு இரைமேல் பாயும்போது இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. பதுங்கும்போது வாய் மூடியிருக்கும். பல்லைக் காட்டி மூக்கைச் சுருக்கி உறுமுவது “கிட்டே வராதே” என்ற எச்சரிக்கை. பயமும் தற்காப்பும் கலந்தது. அப்போது காதுகள் தலையோடு ஒட்டிப் படுத்துவிடும். வீட்டுப் பூனையை நாய் மிரட்டும்போது கவனித்தால் தெரியும். சுவரில் மாட்டிய பல தலைகளில் வாய் உறுமும், காதோ நிமிர்ந்து நிற்கும். இரண்டும் ஒரு விலங்கின் முகத்தில் சேர்ந்து வராது. பல புலிகள் எருமைக்கன்றைக் கட்டிவைத்து, பரண்மேல் காத்திருந்து சுடப்பட்டவை. சுட்டவரை அது பார்த்தேகூட இருக்காது. வீரத்துக்குச் சாட்சி வேண்டியிருந்ததால் களிமண் சாட்சி சொல்லியிருக்கிறது. கண்ணிலும் தவறு நடக்கும்: வீட்டுப் பூனையின் கண்மணி கோடாகச் சுருங்கும், புலிக்கு வட்டமாகவே இருக்கும். கோடு வைத்த கண்ணாடிக் கண்ணைப் பொருத்திய புலி உங்களுக்கு ஏதோ சரியில்லை என்று படும், காரணம் சொல்லத் தெரியாது.

கணவரின் கோபத்துக்கும் விளக்கம் உண்டு. 2015-இல் ஜிம்பாப்வேயில் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டிச் சுடப்பட்ட சிசில் என்ற சிங்கத்துக்காக உலகமே கொதித்தது. அதற்குப் பெயர் இருந்தது, கழுத்தில் ஆய்வாளர்கள் மாட்டிய பட்டை இருந்தது. ஒரு முகமும் ஒரு பெயரும் கொண்ட உயிருக்கு நம் மனம் இளகும் அளவுக்கு ஒரு பெரிய எண்ணிக்கைக்கு இளகாது. மனிதர்களை வைத்துச் செய்த உளவியல் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஆனால் தலையையோ கொம்பையோ தோலையோ வெற்றிச் சின்னமாக வைத்துக்கொள்வதற்காகச் சுடும் ட்ராபி வேட்டை செய்யும் சேதத்தை அந்த ஒரு சாவில் தேடினால் பாதிதான் புரியும். மீதி, யாரைச் சுடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

புலியோ செந்நாயோ பெரும்பாலும் பிடிப்பது குட்டியை, கிழடை, நோயாளியை. ட்ராபி வேட்டைக்காரர் தேடுவது மந்தையிலேயே பெரிய கொம்பை. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ராம் மலை என்ற இடத்தில் பெருங்கொம்புக் காட்டு ஆடுகளை 30 ஆண்டுகள் அளந்து பார்த்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள்: கிடாக்களின் கொம்பும் உடல் எடையும் குறைந்துகொண்டே வந்திருந்தன. பெரிய கொம்பு கிடாவுக்குப் பயன்படுவது ஆறு ஏழு வயதுக்குமேல், பெட்டைக்காகச் சண்டை போடும்போது. வேகமாகக் கொம்பு வளரும் கிடாவோ நான்கு வயதிலேயே சட்டம் அனுமதிக்கும் அளவை எட்டி, பெட்டையோடு சேர வாய்ப்புக் கிடைக்கும் முன்பே சுடப்பட்டது. சின்னக் கொம்புக் கிடா தப்பித்து அப்பா ஆனது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நமீபியாவில் வேட்டைக் கட்டணத்தில் ஒரு பங்கு ஊர்ப் பாதுகாப்புக் குழுக்களுக்குப் போகிறது. விலங்கால் வருமானம் வந்தால் பயிரை மேய்கிற விலங்கைப் பொறுத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் வாதம். கென்யா 1977-இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. போட்ஸ்வானா 2014-இல் தடை செய்து 2019-இல் அந்தத் தடையை நீக்கியது. எனக்கு அந்த வாதத்தின் நியாயம் புரிகிறது. காட்டைக் காக்கிற பணம், சிறந்த விலங்கைக் கொடுத்துத்தான் வர வேண்டும் என்பதை மட்டும் மனம் ஏற்க மறுக்கிறது.

அதற்காகப் பாடம் செய்த தோலை எல்லாம் வெறுக்கவும் எனக்கு முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் குவாக்கா என்று பாதி வரியோடு ஒரு வரிக்குதிரை இருந்தது. கடைசி உயிர் 1883-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் செத்தது. ஜெர்மனியின் மைன்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு குவாக்காவைத் திருத்திச் செய்யும்போது, முன்பு செய்தவர் சரியாகச் சுரண்டாமல் விட்ட தசைத் துணுக்குகள் தோலில் ஒட்டியிருந்தன. அதிலிருந்து 1984-இல் டி.என்.ஏ. எடுத்தார்கள். அழிந்துபோன ஒரு விலங்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் படித்தது அதுதான் முதல் முறை. இன்னொன்று, 2017-இல் அமெரிக்காவில் 135 ஆண்டுகளில் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைத் தோல்களைப் படமெடுத்து, இறகில் படிந்த கரியின் அளவை வைத்து எந்தக் காலத்தில் காற்றில் எவ்வளவு நிலக்கரிப் புகை இருந்தது என்று கணக்கிட்டார்கள். அந்தப் பறவைகளில் எதையும் யாரும் உறுமவைக்கவில்லை. பஞ்சு வைத்துத் தைத்து, காலில் தேதியும் ஊரும் எழுதிய சீட்டைக் கட்டி இழுப்பறையில் படுக்க வைத்திருந்தார்கள்.

படம் பார்த்த அடுத்த வாரம் ஏற்காட்டுக்குப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, காப்பித் தோட்டத்துக்குள் ஒரு பழைய பங்களாவில் தங்கினோம். கூடத்துச் சுவரில் காட்டெருமைத் தலை ஒன்று. பெயர்தான் எருமை, உண்மையில் அது காட்டு மாடு. கொம்பு உண்மையானது, எலும்புமேல் கெரட்டின் உறை. ஒரு காது பூச்சி அரித்து உள்ளே இருந்த தகடு தெரிந்தது. மகள் தொடப்போனாள், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

காரணம் ஆர்சனிக் என்ற நஞ்சு. பதனிட்ட தோல் அழுகாதே தவிர, வண்டும் அந்துப்பூச்சியும் அரிக்கும். பிரான்சில் மெட்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் பெகூர் 18-ஆம் நூற்றாண்டில் ஆர்சனிக், கற்பூரம், சுண்ணாம்பு, சோப்பு எல்லாம் சேர்த்து ஒரு பசை செய்தார். அதைத் தோலின் உட்புறம் தடவினால் பூச்சி அண்டாது. 20-ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் உலகம் முழுக்க அதைத் தடவினார்கள். ஆர்சனிக் ஆவியாகிப் போகிற பொருள் இல்லை. வெடிப்பு வழியாகவும் முடி வழியாகவும் தூசியாக இன்னமும் உதிரும். எந்தத் தலையில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. பழைய தலை என்றால் தொடாமல் இருப்பது நல்லது. தொட்டுவிட்டால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். “முப்பது வருசமா தோள்ல போட்டிருக்கிற துண்டாலதானம்மா இதைத் தொடைக்கிறேன்” என்றார். கையுறை, முகமூடி, ஈரத்துணி மூன்றையும் பற்றி அரை மணி நேரம் பேசினோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும், விற்கக் கூடாது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம்.

“உசுரோட இருக்கிறதைப் பாப்பாவுக்குக் காட்டணும்னா சாயங்காலம் மேல் தோட்டத்துக்கு வாங்க. கிட்டப் போகக் கூடாது” என்றார். போனோம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஐந்து நின்றன, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல. பெரியது எங்களைப் பார்த்தபடியே மென்றுகொண்டிருந்தது. வாய் மூடித்தான் இருந்தது. ஈ விரட்டிக்கொண்டு இரண்டு காதுகளும் நிற்காமல் ஆடின.