ஃபோட்டோடைனமிக் தெரபி: தமிழ்ல என்னன்னு சொல்றது?

ரிப்போர்ட்ல சுருக்கமா 'பிடிடி'ன்னு போட்டிருப்பாங்க, விரிச்சா ஃபோட்டோடைனமிக் தெரபி. தோல் புத்துநோய் மேலாப்புல ஆரம்ப நிலைல இருந்தா குடுக்குற வைத்தியம். காரைக்குடி தேவகோட்டை பக்கம் இதச் சொன்னா ஆச்சிமாரு மொதல்ல கேக்குறது "கரண்டு வைக்கப் போறாகளா?"ன்னுதான், ஏன்னா ரேடியேஷனுக்கு நம்மூர்ப் பேரே கரண்டு வைக்கிறது. இது அது இல்ல. இதுல காட்டுறது கண்ணுக்குத் தெரியிற செவப்பு வெளிச்சம், இல்லன்னா நீலம், அவ்ளோதான்.

மூணு துண்டுமே கிரேக்க வேர். ஃபோட்டோன்னா ஒளி. டைனமிக் வந்தது ஆற்றல்னு அர்த்தம் உள்ள டுனாமிஸ்லருந்து, சைக்கிள் டைனமோவும் குவாரி டைனமைட்டும் இதுக்குப் பங்காளிங்கதான். தெரபிக்கு மூலப்பொருள் பணிவிடை, வைத்தியம்ங்கிறது பின்னாடி ஏறுனது.

இதுல நடு வார்த்தைலதான் விஷயமே இருக்கு. 1900 வாக்குல ம்யூனிக்ல ஆஸ்கர் ராப்னு ஒரு மாணவர் அக்ரிடின் சாயத்துல பாரமீசியம்ங்கிற ஒத்த செல் உயிரிய விட்டு பாத்துட்டிருந்தாரு, ஒரு தடவ சட்டுனு சாகுது இன்னொரு தடவ ரொம்ப நேரம் தாங்குது, என்னடான்னு நோண்டிப் பாத்தா வெளிச்சம்தான் வித்தியாசம், சாயமும் வெளிச்சமும் சேந்தாதான் அடி பலமா விழுது. அவரோட வாத்தியார் ஹெர்மன் ஃபான் டாப்பைனர் 1903ல இயோசின் சாயத்தத் தோல் புத்துல தடவி வெளிச்சம் காட்டிப் பாத்தாரு. ஆக்சிஜனும் வேணும்னு தெரிஞ்சது, ஃபோட்டோடைனமிக்ங்கிற பேர வச்சதும் அவருதான்.

இன்னிக்கு சாயத்துக்குப் பதிலா அமினோலெவுலினிக் ஆசிட் வகை கிரீம். தடவி சில மணி நேரம் மூடி வச்சா, கெட்ட செல்லுங்க அத உள்ள இழுத்து புரோட்டோபார்ஃபிரின்ங்கிற பொருளா மாத்தி நல்ல செல்லவிட அதிகமா சேத்து வச்சுக்கும். அப்புறம் 630 நானோமீட்டர் ஒட்டி செவப்பு லைட்ட காட்டுனா அங்க இருக்குற ஆக்சிஜன் வெறி பிடிச்ச மாதிரி ஆகி அந்த செல்லயே கொல்லும். அந்த நேரத்துல நல்லா எரியும், அதையும் சொல்லிடணும். சில மில்லிமீட்டர் ஆழம்தான் வேலை செய்யும், அதனால மேலாப்பான பேசல் செல் கார்சினோமாங்கிற தோல் புத்து, தோலோட மேல் அடுக்கோட நிக்கிற ஆரம்பநிலைப் புத்தான பவன் நோய், இது மாதிரி இடத்துக்குத்தான். தோலுக்கு நிறம் குடுக்குற செல்லுல வர்ற மெலனோமாங்கிற புத்துக்கு இது கிடையாது.

இப்ப தமிழுக்கு வருவோம். ஒளிச்சிகிச்சைன்னு போட்டா பச்சப்புள்ளைக்கு மஞ்சக்காமாலைன்னு நீல லைட்டுக்குக் கீழ படுக்க வைக்கிறதும் அதுலதான் வரும், மருந்து இருக்குறதே தெரியாது. "அப்ப எங்க வளவு சன்னல்ல செவப்புக் கண்ணாடி வழியா விழுற வெயில்ல உக்காந்தா போதாதாப்பா?"ன்னு ஒரு ஆச்சி கேட்டாக, அந்தப் பேரக் கேட்டா யாருக்கும் அப்படித்தான் தோணும். எழுதுறதுக்கு ஒளியியக்கச் சிகிச்சைதான் சரி, ஒளி போயி எதையோ இயக்குதுன்னு அதுல இருக்கு. வீட்ல சொல்றதுக்கு 'மருந்து தடவி லைட்டு காட்டுறது', இதவிடத் தெளிவா எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

ஒண்ணு மட்டும். வெண்படைக்குக் கார்போகரிசிங்கிற மூலிகை விதைய அரைச்சுப் பூசி வெயில்ல நிக்கிறதும் மருந்தும் வெளிச்சமும் சேந்த வைத்தியம்தான், ஆனா வேற ரகம். அதுல இருக்குற சோரலன் டிஎன்ஏவோடயே ஒட்டிக்கும், அத வச்சு புற ஊதாக் கதிர்ல வருசக்கணக்கா வைத்தியம் பண்ணுனா தோல் புத்து வர்ற வாய்ப்பு கூடுது. அதனால தோல் புத்துக்குக் கார்போகரிசிய யாரும் அரைச்சுப் பூசிறாதீங்க.