விலைப்பட்டியலில் பாதிப் பெயருடன் வரும் பாகங்கள்

"ஐ7 புரொசெசர், 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி விஜிஏ, 700 வாட் பவர் சப்ளை, கேமிங் கேசிங்." யாழ்ப்பாணத்தில் கேமிங் கணினி வாங்கப் புறப்படுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் விலைப்பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஆறு பொருள்கள், பெரிய பெரிய எண்கள், கீழே ஒரு மொத்தத் தொகை. ஒரு பொருளுக்குக்கூட முழுப்பெயர் இல்லை. கணினி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அளவான பணத்தை வைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்று கேட்டால், பெயர் பாதியில் நிற்கும் இந்த வரிகளைத்தான் காட்டுவேன்.

ஐ7 என்று மட்டும் எழுதினால் அதற்குள் பத்துப் பதினைந்து ஆண்டு வயது வித்தியாசமுள்ள புரொசெசர்கள் அடங்கும். நான்காம் தலைமுறை ஐ7-4770 வந்தது 2013 இல். நான்கு கோர் (கணக்குப் போடும் உள் அலகு), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). 2022 இல் வந்த ஐ3-12100எஃப் புரொசெசருக்கும் அதே நான்கு கோர், எட்டு திரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் பழையதைவிட வெகு வேகம். ஆகவே "ஐ3 தானே" என்று முகம் சுளிக்கும் அப்பாக்களுக்கு, அந்த ஐ3 பழைய ஐ7 ஐத் தோற்கடிக்கும் என்று விளக்குவதே எனக்குப் பாதி வேலை. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் இங்கே வந்து, ஒளிரும் கேசிங் மாட்டி, கேமிங் கணினி என்ற பெயரில் விற்பனையாகின்றன. விண்டோஸ் 11 க்கு மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொண்ட இன்டெல் வரிசை எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. வலோரன்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11 இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்கியூர் பூட்டும் இல்லாமல் திறக்கவே திறக்காது. நான்காம் தலைமுறை ஐ7 ஐ இன்றைக்குக் கேமிங்குக்கு என்று விற்பவர் எதை விற்கிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெயரின் கடைசி எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஐ5-12400எஃப் என்றால் அதற்குள் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி கிடையாது; அதற்குத் தனியாக விஜிஏ கார்ட் வேண்டும். "விஜிஏ கார்டைப் பிறகு போடுவோம், கனடாவிலிருந்து சித்தப்பா அடுத்த மாதம் காசு அனுப்புவார்" என்று திட்டமிட்டு எஃப் வாங்கியவர்கள், அந்த மாதம் முழுவதும் கறுப்புத் திரையைத்தான் பார்க்க நேரும். அப்படிக் கட்டம் கட்டமாக வாங்குவதாயின் எஃப் இல்லாத 12400 ஐ எடுங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பக்கத்தில் 5600 உம் 5600ஜி உம் ஒன்றுபோலத் தோன்றும். ஜி வகையில் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் அதன் எல்3 கேஷ் (புரொசெசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி. 5600 இல் 32 எம்பி. தனி விஜிஏ கார்ட் எப்படியும் போடப் போகிறீர்கள் என்றால் 5600 தான் சரி. பட்டியலில் "ரைசன் 5" என்று மட்டும் எழுதியிருந்தால், கடைக்காரர் எதைத் தந்தாலும் அவர் பொய் சொன்னதாகாது.

இனி விஜிஏ கார்ட். கேமிங் கணினியில் பெரும் பணம் போகும் இடமும், பெருத்த குழப்பம் நடக்கும் இடமும் இதுவே. "4 ஜிபி விஜிஏ" என்பதில் 4 ஜிபி என்பது கார்டில் உள்ள நினைவகத்தின் அளவு மட்டும். 2014 இல் வந்த ஜிடி 730 கூட 4 ஜிபி நினைவகத்துடன் விற்கப்பட்டது. திரையைக் காட்டவும் வீடியோ பார்க்கவும் அது போதும். இன்றைய பெரிய விளையாட்டுகளை அது இழுக்காது. பெயர் ஒன்றாயிருந்து உள்ளே வேறாக இருப்பவையும் உண்டு. ஆர்எக்ஸ் 580 இல் 2304 கணிப்பு அலகுகள் இருக்க வேண்டும்; 2048எஸ்பி என்ற பின்னொட்டுடன் வருவதில் 2048 தான். ஆர்டிஎக்ஸ் 3050 இல் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உள்ளன. 2024 இல் வந்த 6 ஜிபி கார்ட், நினைவகத்தில் மட்டுமின்றிக் கோர்களின் எண்ணிக்கையிலும் குறைந்தது. "2 ஜிபிதானே வித்தியாசம்" என்று நினைத்து வாங்குகிறவரை இந்தப் பெயரிடலே ஏமாற்றுகிறது. இதில் உள்ளூர்க் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், தயாரித்தவர்களின் வேலை அது.

முழுப் போலியும் சந்தையில் உண்டு. ஜிடிஎஸ் 450 போன்ற பழைய கார்டின் பயோஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விண்டோஸ் நம்பும்படி செய்துவிடுகிறார்கள். ஜிபியூ-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளில் திறந்து பார்த்தால், போலியாயின் பெரும்பாலும் பெயருக்கு முன்னாலேயே அது எச்சரிக்கும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

பாவித்த கார்ட் வாங்குவதை நான் தடுப்பதில்லை. 2022 செப்டெம்பர் 15 இல் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், விஜிஏ கார்டுகளால் கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும் "சுரங்க" முறையைக் கைவிட்டபோது, அதுவரை இரவு பகலாக அந்த வேலை பார்த்த கார்டுகள் உலகெங்கும் மலிவு விலைக்கு வந்தன. அவற்றில் இன்னும் நன்றாக ஓடுபவையும் இருக்கின்றன. ஓடும் கார்டை வெறும் டெஸ்க்டொப் திரையில் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிட்டு, வெப்பநிலையும் மின்விசிறியின் சத்தமும் எப்படி என்று பாருங்கள். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். நம் ஊருக்கென்று ஒன்று: கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருந்த கார்டாயின், கேபிள் செருகும் வாயிலும் பின் தகட்டிலும் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று கைத்தொலைபேசி வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். களிம்பு தெரிந்தால் விலை பேசாமலே திரும்பி வரலாம்.

1080பி மொனிட்டரில் விளையாட ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 4060 தாராளம். புதிது கிடைத்தால் ஆர்டிஎக்ஸ் 5060. வலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் மட்டும்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் இன்னும் இறங்கலாம். அவை புரொசெசரைத்தான் அதிகம் கேட்கின்றன. மொனிட்டரைத் தவிர்த்த மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோ விஜிஏ கார்டுக்குப் போகலாம் என்பது என் கணக்கு.

ஆனால் பட்டியல் என் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது பவர் சப்ளை வரியை. அட்டைப்பெட்டியில் 700 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் +12 வோல்ட் நிரலுக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். புரொசெசரும் விஜிஏ கார்டும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் அந்த 12 வோல்ட்டில்தான் எடுக்கின்றன. அங்கே 18 அம்பியர் என்றிருந்தால் 12 ஆல் பெருக்குங்கள்: 216 வாட். மீதி அட்டைப்பெட்டியின் கற்பனை. ஆர்டிஎக்ஸ் 4060 க்கு 115 வாட், ஐ5-12400எஃப் உச்சத்தில் 117 வாட். இரண்டுக்கும் சேர்த்து அது பற்றாது. நல்ல 550 வாட் பவர் சப்ளையில் அதே இடத்தில் 45 அம்பியர் அளவில் இருக்கும், அது இந்தக் கணினிக்குப் போதும். பின்பக்கம் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் உள்ள மலிவு வகையை வாங்கவே வேண்டாம். யாராவது தெரியாமல் 115 பக்கம் தள்ளிவிட்டால் நம் 230 வோல்ட்டில் அது சத்தத்துடன் வெடிக்கும். கேசிங்குடன் இலவசமாக வரும் பவர் சப்ளையைப் பற்றி நான் மரியாதையாகச் சொல்லக்கூடியது எதுவுமில்லை.

இந்த ஊரில் இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 இன் நீண்ட மின்வெட்டுகள் போய்விட்டன, ஆனால் மின்சாரம் போவதும் வருவதும் நின்றுவிடவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். என் மேசைக்கு வரும் இறந்த மதர்போர்டுகளில் பல, மின்சாரம் திரும்பி வந்த நொடியில் போனவை. மலிவு பவர் சப்ளை தான் மட்டும் சாகாது, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். ஒக்டோபர், நவம்பர் இடி மின்னல் காலத்தில் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் சேர்த்துத்தான். மின்னல் அந்த வழியாகவும் வரும். 650 விஏ யூபிஎஸ் விளையாட்டைத் தொடர்வதற்கு இல்லை, சேமித்துவிட்டு நிறுத்துவதற்கு.

கேசிங்கைத் தொட்டால் மெல்லக் கரண்ட் அடிக்கிறது என்று சிலர் வருவார்கள். பெரும்பாலும் கணினியில் பிழை இருக்காது; வீட்டில் எர்த் இணைப்பு இல்லை, அல்லது இரண்டு முனை அடாப்டரில் செருகியிருக்கிறார்கள். மூன்றாம் முனை வேலை செய்யாத வீட்டில் மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் விலையுயர்ந்த சேர்ஜ் பாதுகாப்பும் பாதி வேலைதான் செய்யும். விஜிஏ கார்டுக்குச் செலவழிக்கும் முன் மின்பணியாளர் ஒருவரை அழைத்து அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ரேம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 16 ஜிபி என்றால் ஒரே பலகையா, எட்டு எட்டாக இரண்டா என்று கேளுங்கள், இரண்டுதான் வேகம். நான்கு இடம் உள்ள மதர்போர்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகி, மதர்போர்டின் பயோஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி ஐ இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 3200 வேகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அதைவிடக் குறைவான வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். 2025 இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் கொள்வனவால் ரேம் விலை உலகெங்கும் ஏறியது. அதைச் சமாளிக்க ரேமைப் பாதியாக்கிவிட்டு, நிறம் மாறும் விளக்குகளை அப்படியே வைத்திருக்கும் பட்டியல்களையும் பார்க்கிறேன். எஸ்எஸ்டியில் எம்.2 என்பது வடிவம் மட்டும். மெதுவான சாட்டாவா, வேகமான என்விஎம்இ யா என்று எழுதி வாங்குங்கள். கேசிங்கின் முன்பக்கம் கண்ணாடியால் மூடியிருந்தால் நம் வெயிலுக்கு அது அடுப்பு. வலை முகப்பு எடுங்கள், சோளகக் காற்றுக் காலத்தில் தூசி வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள். நொடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கியபின் கேபிளை மதர்போர்டில் செருகாமல் விஜிஏ கார்டில் செருகி, விண்டோஸ் அமைப்பில் 144 ஐத் தெரிவுசெய்யுங்கள்.

கணினிக் கடைகள் நிறைந்த கொழும்பு யூனிட்டி பிளாசாவில் விலை குறைவு என்று பஸ் ஏறுகிறவர்கள், பழுதான கார்ட் திரும்பவும் அதே 400 கிலோமீற்றர் போய் வர வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். வெளிநாட்டு உறவினர் பெட்டியில் கொண்டுவரும் கார்டுக்கு இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம். சில பற்றுச்சீட்டுகளின் அடியில் ஓர் ஆண்டு என்பது 350 நாட்கள் என்றும், தீக்காயத் தடமும் துருவும் வாரண்டிக்குள் அடங்காது என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். கடலும் மின்னலும் உள்ள ஊரில் அந்த வரியைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளர் பெயர், முழு மாதிரி எண், சீரியல் எண், வாரண்டிக் காலம் நான்கும் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். "எல்லாம் கணினியிலே இருக்கு தம்பி" என்று கடைக்காரர் சொன்னால், அதை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள்.