சுவெட்டரிலேயே முடிந்துபோகும் பயணங்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் குளிர்கால விடுமுறையும்

கார்த்திகைக் கடைசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் குளிர் இறங்கத் தொடங்கியதிலிருந்து தை பாதி கழியும் வரை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை என்னிடம் சிகிச்சைக்கு அழைத்துவரும் பெற்றோர் ஏறக்குறைய ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். அரையாண்டு விடுமுறையில் பிள்ளையை எங்கேயாவது அழைத்துப்போகலாம் என்று கிளம்பினோம், வாசற்படி தாண்டுவதற்குள் அழுகை தொடங்கிவிட்டது, பையை இறக்கி வைத்துவிட்டோம் என்பார்கள். எங்கே போவதாக இருந்தது என்று நான் கேட்பதில்லை. பிள்ளைக்கு என்ன போட்டுவிட்டீர்கள் என்றுதான் கேட்பேன். கழுத்தை உரசும் கம்பளிச் சுவெட்டர், காதோடு சேர்த்து இறுக்கும் மங்கி குல்லா, முதல் நாள் சந்தையில் வாங்கிய புது சாக்ஸ் என்று பதில் வரும்போது, அந்தப் பயணம் அணைக்கட்டிலோ அருவியிலோ அல்ல, வீட்டு அலமாரி முன்னாலேயே முடிந்துபோயிருப்பது புரியும்.

ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது, ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாக 2013-இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் சேர்க்கப்பட்டது. அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபி துறையில் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கச் சிகிச்சையாளர் புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தைப் பற்றி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார். நம் தோலில் இரண்டு நிமிடத்தில் மறந்துபோகும் கம்பளியின் உறுத்தல், இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு மறப்பதே இல்லை. நாள் முழுவதும் யாரோ கிள்ளிக்கொண்டிருப்பதைப் போல நீடிக்கிறது. அந்த நிலையில் அடம்பிடிக்கிறான் என்று அதட்டுவதில் பயனில்லை.

ஆகவே குளிர் உடுப்பைப் பயண நாளன்று அறிமுகப்படுத்தாதீர்கள். இரண்டு வாரம் முன்பாகவே எடுத்து, நாலைந்து முறை துவைத்து, கழுத்துப் பட்டியில் உள்ள லேபிளைத் தையலோடு பிரித்து நீக்கிவிட்டு, பிள்ளைக்குப் பிடித்த ஒரு வேலையின்போது வீட்டிற்குள்ளேயே ஐந்து நிமிடம் மட்டும் போட்டுப் பழக்குங்கள். தலைவழியாக மாட்டும் சுவெட்டரைவிட முன்பக்கம் ஜிப் வைத்தது நல்லது, ஏனென்றால் முகத்தை மூடும் அந்த ஒரு நொடியே பலருக்குப் பயம். உள்ளே பழகிய பருத்திச் சட்டையும் அதன்மேல் இன்னொரு பருத்திச் சட்டையுமாக அடுக்கினால் கம்பளியே தேவைப்படாமல் போகலாம். இதற்கு நேர்மாறான பிள்ளைகளும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலும், அதைத் தாண்டித் தளியிலும் மார்கழி விடியலில் பனி மூடியிருக்க, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் பிள்ளைக்குக் குளிர் தெரிவதில்லை, தெரிந்தாலும் சொல்லத் தெரிவதில்லை. அவன் கேட்கட்டும் என்று காத்திராமல், விரல் நுனியையும் பாதத்தையும் நீங்களே தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இடத்தைப் பற்றிப் பேசினால், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஒகேனக்கல்தான். பாறையில் மோதிப் புகைபோல் எழும் நீர்த்திவலையால் 'புகையும் கல்' என்று கன்னடத்தில் பெயர் பெற்ற அந்த இடத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதல் பயணத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன். ஓயாத அருவி இரைச்சல், மீன் வறுக்கும் வாடை, எண்ணெய் தேய்த்துவிட அழைக்கும் குரல்கள், வழுக்கும் ஈரத் தரை, கையிலிருப்பதைப் பறிக்கும் குரங்குகள், உடம்பில் திடீரென விழும் குளிர்ந்த சாரல் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் வந்து சேரும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆற்றில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். ஒரு தந்தை ஒரு வாரமாகப் பரிசல் படத்தைக் காட்டிக் காட்டி மகனைத் தயார் செய்து அழைத்துப்போனார். அன்று பரிசல் ஓடவில்லை. அவனுக்கு அது ஏமாற்றமாக மட்டும் இருக்கவில்லை, நிச்சயம் என்று நம்பியிருந்த ஒன்று உடைந்துபோனது. அன்று நடக்கப்போவதைப் பிள்ளைக்கு வரிசையாகக் காட்டும் படவரிசையில், நம் கையில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்று அதற்குப் பிறகு எல்லாப் பெற்றோரிடமும் சொல்லி வருகிறேன். 'பஸ், ஆறு, தயிர்சாதம், வீடு' என்று நான்கு படம் போதும். பரிசல் ஓடினால் அது கூடுதல் மகிழ்ச்சி.

தொடக்கத்துக்கு ஏற்றவை அமைதியான இடங்கள். தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கிருஷ்ணகிரி அணையின் பூங்கா, ஞாயிறு மாலையில் ஒரு இடம், வேலை நாள் காலை பத்து மணிக்கு முற்றிலும் வேறொரு இடம். பனி விலகி, வெயில் சுடாமல் இதமாக இருக்கும் அந்த நேரமே குளிர்காலம் நமக்குத் தரும் சலுகை. சித்திரையில் அதைக் கேட்டாலும் கிடைக்காது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. கூட்டமில்லாத நாளில் அங்கே சத்தமே இருக்காது, வடிவங்களையும் வரிசைகளையும் உற்றுப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது பிடித்தும் போகும். போகும் இடத்தின் புகைப்படங்களை முதல் நாளே செல்போனில் காட்டிவிடுங்கள். தனியார் பஸ்ஸில் பாட்டுச் சத்தமும் ஏர் ஹார்னும் சேர்ந்தே வரும் என்பதால், ஸ்பீக்கருக்குக் கீழே அமராமல் இடம் பிடிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று நான் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு.

நீர்நிலைகளைப் பற்றி மட்டும் விளையாட்டில்லாமல் எழுத வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் நழுவிச் செல்வார்கள். அவர்களில் பலரைத் தண்ணீர் ஈர்க்கிறது. இப்படி நழுவிப் போகும் பிள்ளைகள் உயிரிழப்பதற்குப் பெரும்பாலும் நீரில் மூழ்குவதே காரணமாகிறது. அணைக்கோ ஆற்றுக்கோ போனால், 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்ற ஏற்பாடு யாரும் பார்க்காத ஏற்பாடாகிவிடும். இந்த அரைமணி நேரம் அப்பா, அடுத்த அரைமணி நேரம் சித்தி என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. சட்டையின் உட்புறத்தில் உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், அதே சமயம் இன்னொருவர் 112-ஐ அழைக்கட்டும்.

பொங்கலை ஒட்டி வேறு சங்கடங்கள். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி, போகியன்று புகையும் பறையும், பிறகு கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழாவின் ஆரவாரம். காது மூடியால் சுமார் 20 முதல் 30 டெசிபல் வரை சத்தம் குறையும். ஆனால் அதையும் சுவெட்டரைப் போலவே முன்கூட்டிப் பழக்க வேண்டும். விழாவைக் காட்டியே ஆக வேண்டும் என்ற தாத்தா பாட்டியின் ஆசை நியாயமானது. தெருக்கோடியில் உள்ள மாடியிலிருந்து பத்து நிமிடம் பார்த்தாலும் அந்த ஆசை நிறைவேறும்.

என் அனுபவத்தில் பயணத்தைக் காப்பாற்றுவது திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்வதுதான். பிள்ளை களைத்து, காதைப் பொத்தி, கையை வேகமாக அசைத்து, முணுமுணுக்கத் தொடங்கும் வரை காத்திராமல், நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். அதையும் மீறி நிலை தவறினால், பேச்சைக் குறைத்து ஓரமாக அழைத்துச் சென்று அருகில் அமர்ந்தாலே போதும்; அந்நேரம் எந்த அறிவுரையும் காதில் ஏறாது. 'பிள்ளையை அடக்கத் தெரியாதா?' என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லி நேரத்தை இழக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அதற்கான அடையாள அட்டை பையில் இருந்தால், நுழைவாயில்களில் நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் ஒரு தாய், சென்ற மார்கழியில் ஏழு வயது மகளை அணைப் பூங்காவுக்கு அழைத்துப்போனார். இருந்தது இருபத்தைந்து நிமிடம். அவள் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வீட்டு டப்பாவில் கொண்டுபோன பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பினாள். அணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அந்தத் தாய் வருத்தத்தோடு சொன்னார். அடுத்த வாரம் அந்தச் சிறுமி படவரிசையிலிருந்து பஸ் படத்தைத் தானே எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறாள்.